தொட்டிக் கல்லைப் பெயரும் அளவும் சொல்லி விற்போம்

நமது இதழைப் படிக்கும் வணிகப் பெருமக்களில் விதை, உரம், பூந்தொட்டி விற்பவர்கள் பலர் இருக்கிறோம். செங்கல், ஜல்லி, மணல் விற்கும் கட்டுமானப் பொருள் வியாபாரிகளும் இருக்கிறார்கள். இந்த இரு பிரிவினருக்கும் பொதுவான ஒரு சரக்கைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். போன்சாய் மரங்களுக்கும் சிறு தொட்டிச் செடிகளுக்கும் மண்ணுக்குப் பதிலாகப் போடப்படும் கல் துகள்தான் அது. பத்து ஆண்டுகளுக்கு முன் இதைக் கேட்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்று மாடித் தோட்டம் போடுகிறவர்கள், அடீனியம் வளர்க்கிறவர்கள், போன்சாய் பழகுகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள்; ஆனால் கேட்டதற்குச் சரியான பதில் சொல்லி விற்கும் கடைகள் கூடவில்லை. இதில் என் கடையும் சேர்த்திதான்.

என் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொத்த வியாபாரியிடம் 'அகடாமா' என்று எழுதிய பைகளை வாங்கி வைத்தேன். ஜப்பான் சரக்கு என்றார். விலையோ மிக மலிவு. அந்த மலிவைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். லாபக் கணக்கு கண்ணை மறைத்துவிட்டது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், 18 ஆண்டுகளாகத் தட்டில் வளர்த்த ஆலமரத்துக்கு மண் மாற்ற என்னிடம் நான்கு பை வாங்கிப் போனார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட மூன்றாவது வாரம் அந்தத் தட்டைத் துணியில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார். துகளெல்லாம் கரைந்து சேறாகியிருந்தது. வேர் கறுத்து நாறியது. "அண்ணாச்சி, நீங்க கொடுத்தது என்ன கல்லு?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்; வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவர் என் கடைக்கு வரவும் இல்லை.

அரைகுறையாகச் சுட்ட களிமண் துண்டுகளைத்தான் நான் ஜப்பான் சரக்கு என்று விற்றிருக்கிறேன் என்பது பிறகு தெரிந்தது. சரக்கின் பெயர் தெரியாமல் விற்றது மொத்த வியாபாரியின் குற்றம் மட்டுமல்ல, கல்லாவில் உட்கார்ந்திருந்த என் குற்றமும்தான். ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: தொட்டிக்குப் போடும் கல்லை எந்தக் கனிமம், எத்தனை மில்லிமீட்டர், எத்தனை லிட்டர் என்று சொல்லி விற்க வேண்டும். இந்த மூன்றையும் சொல்ல முடியாத சரக்கை வாங்கவே கூடாது.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

கல் விற்கிறவனுக்குத் தண்ணீர்க் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். குளிக்கும் ஸ்பாஞ்சு ஒன்றைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள். பிறகு அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் தண்ணீர் சொட்டும். ஸ்பாஞ்சு அதேதான், உயரம்தான் மாறியது. தொட்டியிலும் இப்படியே. எந்தத் தொட்டியானாலும், அடியில் எத்தனை ஓட்டை இருந்தாலும், அடிப்பகுதியில் ஒரு கட்டு தண்ணீர் வடியாமல் நிற்கும். அந்தக் கட்டின் உயரத்தை முடிவு செய்வது துகளின் பருமன். துகள் பொடியாக இருந்தால் தண்ணீர் உயரமாக நிற்கும். துகள் பெரிதாக இருந்தால் தாழ்ந்துவிடும்.

ஒரு அடி ஆழமுள்ள தொட்டியில் அடியில் 5 சென்டிமீட்டர் நனைந்து நின்றால் மேலே வேருக்கு மூச்சு விட இடம் இருக்கிறது. போன்சாய்த் தட்டின் மொத்த ஆழமே 5 சென்டிமீட்டர்தான் என்றால், வேர் முழுவதும் தண்ணீரில் மூழ்கி நிற்கிறது. வேருக்கும் காற்று வேண்டும். காற்று இல்லாவிட்டால் அழுகும். ஆழம் குறைந்த தட்டுக்கு மண் ஒத்துவராமல் கல் தேவைப்படுவதற்குக் காரணம் இதுதான்.

"அடியில் கொஞ்சம் ஜல்லி போடுங்க, தண்ணீர் வடிஞ்சிடும்" என்று நாமே வாடிக்கையாளருக்குச் சொல்லி வருகிறோம். அது தவறான யோசனை. அடியில் ஜல்லி போட்டால், நிற்கும் தண்ணீர்க் கட்டு அந்த ஜல்லிக்கு மேல் ஏறி உட்காருமே தவிரக் குறையாது. வேருக்கு இருந்த இடமும் குறைந்துவிடும். தட்டு முழுவதும் ஒரே பருமனுள்ள துகளாக இருப்பதே நல்லது.

சலிப்பதன் அருமையும் இங்கேதான் புரியும். பெரிய துகளோடு பொடியும் கலந்திருந்தால், பொடி போய் இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். கல்லை விற்றும் பயனில்லை. நாம் விற்பது துகள் என்றாலும், வாடிக்கையாளர் காசு கொடுப்பது துகளுக்கும் துகளுக்கும் நடுவே உள்ள வெளிக்கு. பொதுவான போன்சாய்த் தட்டுக்கு 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை உள்ள துகள் பொருந்தும். உள்ளங்கை அளவுச் சிறு மரங்களுக்கு இதைவிடப் பொடியானதும், ஆழமான பெரிய தொட்டிக்கு இதைவிடப் பெரியதும் போகலாம். 1 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளதைக் கண்டிப்பாகக் கழித்துவிட வேண்டும்.

சந்தையில் கிடைக்கும் கற்கள்

அகடாமா என்பது ஜப்பானின் தோச்சிகி, இபராக்கி பகுதிகளில் தோண்டி எடுக்கும் எரிமலைக் களிமண். 'சிவப்பு உருண்டை' என்று பொருள். தோண்டி, உலர்த்தி, சலித்து, பருமன்வாரியாகப் பிரித்து, லிட்டர் கணக்கில் பை போடுகிறார்கள். தண்ணீரையும் சத்தையும் நன்றாகப் பிடித்து வைக்கும். ஆனால் சில ஆண்டுகளில் நொறுங்கிவிடும்; அங்கே இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம் என்பதால் அது பெரிய குறையாகத் தெரிவதில்லை. கனுமா என்பது தோச்சிகி மாவட்டத்தில் அதே பெயருள்ள ஊரிலிருந்து வரும் மஞ்சள் நிற நுரைக்கல். அமிலத் தன்மை உள்ளது. அசேலியா செடிக்கென்றே அதை வாங்குவார்கள். இவற்றைக் கேட்டு வருகிறவர்களுக்கு விற்பதில் தவறில்லை. ஆனால் மண், களிமண் வகைகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையில் கட்டுப்பாடுகள் உண்டு. இறக்குமதி ஆவணத்தின் நகலைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்குகிறவரின் சரக்கு என்ன சரக்கு என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

நுரைக்கல், அதாவது பியூமிஸ், கால் தேய்க்க விற்கிறோமே அதே கல்தான். எடை குறைவு, உள்ளே நுண்துளைகள் நிறைய, தண்ணீரில் கரையாது, ஆண்டுக்கணக்கில் உழைக்கும். இந்தோனேசியாவின் லோம்போக் தீவு இதற்குப் பெயர் போன இடம். கடல் கடந்து வரும் சரக்குக்குக் கப்பல் வாடகை சேர்வதால் விலை கூடுதல்தான். கையிருப்பில் வைத்துக்கொள்ள நல்ல சரக்கு.

பெர்லைட் எரிமலைக் கண்ணாடி வகை. சுமார் 900 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடாக்கினால் பொரி போல் உப்பிவிடும். மிகவும் லேசானது. அதுவே குறையும் ஆகிறது. மழையில் மேலே மிதந்து வந்துவிடும், அழுத்தினால் நொறுங்கும். நாற்று விடவும் கலவையில் சேர்க்கவும் சரி. போன்சாய்க்குத் தனியாகப் போதாது. வெர்மிகுலைட் அபிரகத்தைப் போன்ற கனிமம். நம் மாநிலத்திலேயே திருப்பத்தூர் அருகே செவ்வாத்தூரில் தமிழ்நாடு கனிம நிறுவனம் எடுத்து வந்திருக்கிறது. தண்ணீரை நிறையப் பிடிக்கும். நாளாக ஆக அமுங்கித் தட்டையாகும் என்பதால் விதை முளைக்க வைக்கத்தான் ஏற்றது.

சுட்ட களிமண் உருண்டைகளை 'லெக்கா' என்று விற்கிறோம். வெளித்தோல் இறுகியிருப்பதால் உள்ளே அதிகம் தண்ணீர் போகாது. வீட்டுக்குள் வைக்கும் செடிகளுக்கும் தண்ணீரில் வளர்க்கும் முறைக்கும் உதவும். வெள்ளை மார்பிள் சில்லை மட்டும் தொட்டிக்குள் கலக்கக் கொடுக்காதீர்கள். அது சுண்ணாம்புச் சத்துள்ள கல். காரத் தன்மையைக் கூட்டிவிடும். அழகுக்கு மேலே பரப்புவதற்கென்று சொல்லி விற்றால் போதும்.

செங்கல் ஜல்லிக்கு ஒரு வார்த்தை

இவை அனைத்தையும்விட நம் கைக்கு எட்டும் சரக்கு செங்கல்தான். மொட்டை மாடியில் சுண்ணாம்போடு சேர்த்துப் போட என்று செங்கல் ஜல்லியைத் தலைமுறை தலைமுறையாக விற்று வருகிறோம். அதையே உடைத்துச் சலித்தால் தொட்டிக் கல். நம் நாட்டில் போன்சாய் வளர்க்கிறவர்கள் நெடுங்காலமாக இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் 'வெறும் செங்கல்' என்று சொல்ல நமக்கே கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் சிலர் அதற்கு ஜப்பான் பெயர் சூட்டுகிறார்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் தட்டு உலர்ந்துபோகாமல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும். இரண்டும் செய்யும் கல்தான் நம் ஊருக்கு வேண்டும். நல்ல செங்கல் இரண்டையும் செய்கிறது. சாதாரணக் கட்டடச் செங்கல் 24 மணி நேரம் தண்ணீரில் கிடந்தால் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் 1077 சொல்கிறது. சுவர் கட்டுகிறவருக்கு அது மேல் வரம்பு. செடி வளர்க்கிறவருக்கோ செங்கல் தண்ணீர் குடிப்பதே பயன்.

எந்தச் செங்கலும் ஆகிவிடாது. வேகாத செங்கல் சேறாகும்; எனக்கு நேர்ந்தது அதுதான். அதிகம் வெந்து முறுகிக் கறுத்த செங்கல் தண்ணீரே குடிக்காது. இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும்; நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. ஒரு கைப்பிடித் துகளை ஒரு இரவு தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் இரு விரலுக்கிடையே அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விரலில் சேறு ஒட்டினால் மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள். இடித்த கட்டடத்துச் செங்கல் மலிவாகக் கிடைக்கும்; அதில் சிமெண்டும் சுண்ணாம்பும் ஒட்டியிருக்கும். வினிகர் சில சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்குகிறதா என்று பார்த்துவிடலாம். பொங்கினால் செடிக்கு ஆகாது. புதுச் செங்கலிலும் உப்புப் பூக்கும் என்பதால் இரண்டு முறை கழுவி உலர்த்தியே பை போட வேண்டும்.

கிலோவா, லிட்டரா?

இந்தச் சரக்கில் வாடிக்கையாளர் ஏமாறுவதற்கு முக்கிய வழி எடைதான். 30 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 5 ஆழம் உள்ள தட்டுக்கு வேண்டியது 3 லிட்டர். அந்த 3 லிட்டர் பெர்லைட்டாக இருந்தால் சுமார் 300 கிராம். நுரைக்கல் என்றால் ஏறக்குறைய 2 கிலோ. செங்கல் துகள் என்றால் 3 கிலோ அளவில் வரும். மணல் என்றால் நாலரை கிலோ. இப்படியிருக்க, கிலோ விலையை மட்டும் எழுதி வைத்தால் எது மலிவு, எது கிராக்கி என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? போதாததற்கு, ஈரச் சரக்கை எடை போட்டால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறோம்.

மணல் வியாபாரிகளுக்கு ஒரு விஷயம் தெரியும். லேசாக ஈரமான மணல் பூரித்து, அளவில் கூடுதலாகக் காட்டும். அதனால் அளவு என்றாலே நம்பக் கூடாது என்பார்கள். பொடி மணலுக்கு அது உண்மை. 2 மில்லிமீட்டருக்கு மேல் சலித்த துகளில் அந்தப் பூரிப்பு அநேகமாக இல்லை. ஆகவே லிட்டர் கணக்கு இங்கே நியாயமான கணக்கு. பையில் அடைத்து விற்கிறவர்கள் 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி பொருளின் பெயர், நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் பெயர் முகவரி, மாதம் ஆண்டு ஆகியவற்றை அச்சிட்டே ஆக வேண்டும். அதோடு, இத்தனை லிட்டர் இடம் நிரப்பும், துகள் இத்தனை மில்லிமீட்டர் என்று இன்னும் இரண்டு வரி சேர்ப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

கடையிலேயே ஒரு சோதனை செய்து எழுதி மாட்டலாம். ஆழம் குறைந்த, அடியில் ஓட்டையுள்ள ஒரு லிட்டர் டப்பாவை எடுத்து ஓட்டையை அடைத்துக்கொள்ளுங்கள். ஊறவைத்து வடித்த துகளை விளிம்பு வரை நிரப்புங்கள். மேல்மட்டம் வரை தண்ணீர் ஊற்றி, பிறகு ஓட்டையைத் திறந்து வடியும் தண்ணீரை அளந்து பாருங்கள். வடிந்த அளவுதான் வேருக்குக் கிடைக்கும் காற்று வெளி. கால் லிட்டர் அளவுக்கு வடிந்தால் போன்சாய்த் தட்டுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் என்பது என் அனுபவக் கணக்கு. சில சொட்டுதான் வடிகிறது என்றால், பையில் எந்த நாட்டுப் பெயர் எழுதியிருந்தாலும் அது தட்டுக்கு ஆகாது.

எல்லோருக்கும் இது வேண்டாம்

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 15 அங்குலத் தொட்டியில் மல்லிகையோ கறிவேப்பிலையோ வளர்க்கிறவருக்குச் செம்மண்ணும் தொழுவுரமும் நார்க்கழிவும் போதும். அவரிடம் விலை கூடிய கல்லைத் தள்ளிவிடுவது வியாபாரம் ஆகாது. அவருக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையையும் செலவையும்தான் கூட்டுகிறோம்.

கல்லை வாங்கிப் போகிறவரிடமும் இரண்டு விஷயம் சொல்லியனுப்ப வேண்டும். கல்லில் சத்து இல்லை; ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் விடாமல், உரம் கொடுத்து வர வேண்டும். கோடையில் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். சில நாட்களில் இரு வேளையும் ஊற்ற நேரிடும். இதைச் சொல்லாமல் விற்றால், செடி மஞ்சளித்ததும் "கல்லில் வைத்ததால் கெட்டது" என்று பேர் வரும். சொல்லி விற்றால் அதே வாடிக்கையாளர் உரத்துக்கும் நம்மிடமே வருவார்.

"இவ்வளவு சொல்லிக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்குமா? பத்து ரூபாய் குறைவு என்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சலித்து, கழுவி, உலர்த்தினால் மூட்டைக்குக் கழிவு போகும், கூலி ஏறும். விலை கூடத்தான் செய்யும். ஆனால் இன்று வாங்குகிறவர் கைப்பேசியில் மில்லிமீட்டர் அளவைப் படித்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறார். நமக்குத் தெரியாததை அவர் தெரிந்து வைத்திருக்கிறார். ஊர் பேர் தெரியாத இணைய விற்பனையாளர் அளவை எழுதி விற்கும்போது, நேரில் கையில் எடுத்துக் காட்டக்கூடிய நாம் வாய் மூடி நின்றால் யாரிடம் வாங்குவார்?

சலிக்கும் ஆட்களையும் பார்ப்போம்

செங்கல் உடைத்துச் சலிக்கும்போது கிளம்பும் தூசி சாதாரணத் தூசி அல்ல. அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைக் கொண்டுவரக் கூடியது. கல் குவாரித் தொழிலாளர்களின் கதை நமக்குத் தெரியும். ஆகவே கல்லை நனைத்து உடைக்க வேண்டும், ஈரத்தோடு சலிக்க வேண்டும், திறந்த வெளியில் வேலை நடக்க வேண்டும். தூசியைத் தடுக்கும் நல்ல முகக்கவசம் வாங்கித் தர வேண்டும்; கைக்குட்டை கட்டுவது போதாது. நம்மிடம் கூலி வாங்குகிறவரின் மூச்சைக் கெடுத்து அடுத்தவர் வீட்டு மரத்துக்கு மூச்சு விடக் கல் விற்பதில் அர்த்தம் இல்லை.

சங்கத்துக்கு ஒரு யோசனை

பெரிய தீர்மானம் எதுவும் வேண்டாம். தொட்டிக் கல் விற்கும் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சீட்டு ஒன்றைப் பையில் ஒட்டுவோம். கனிமத்தின் பெயர், எங்கிருந்து வந்தது, துகள் அளவு, லிட்டர், கழுவியதா இல்லையா என்று ஐந்து வரி போதும். செங்கல் என்றால் செங்கல் என்றே எழுதுவோம். மொத்த வியாபாரிகள் இந்த ஐந்தையும் பில்லில் எழுதித் தர வேண்டும் என்று சில்லறைக் கடைக்காரர்கள் ஒற்றுமையாகக் கேட்போம். ஒருவர் கேட்டால் "வேண்டுமென்றால் வாங்கு" என்பார்கள். ஐம்பது பேர் கேட்டால் எழுதித் தருவார்கள்.

என் கடையில் இப்போது செங்கல் துகளை அதன் பெயரிலேயே இரண்டு அளவில் விற்கிறேன். முதல் ஆண்டு மெதுவாகத்தான் போயிற்று. இப்போது அதைக் கேட்டே வருகிறார்கள். அந்த ஆசிரியர் மட்டும் வரவில்லை. என்றைக்காவது அவர் வந்து "இது என்ன கல்லு?" என்று மறுபடி கேட்டால், இந்தத் தடவை சொல்வதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. நம் ஒவ்வொரு கடையிலும் அந்தப் பதில் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.